ஆக்சிஜன் ஏன் இவ்வளவு தாமதமாகக் காற்றில் சேர்ந்தது?

கேள்வி: மகள் உயர்நிலை 4 படிக்கிறாள். நீலப்பச்சைப்பாசிகள் சுமார் 3 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே ஆக்சிஜனை வெளியிட்டன என்று ஒரு நூலில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் சேர்ந்தது 2.4 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்தான் என்று இன்னொரு நூலில் இருக்கிறது. இடைப்பட்ட 600 மில்லியன் ஆண்டுகளில் அந்த ஆக்சிஜன் எங்கே போனது என்று கேட்கிறாள். கடல் துருப்பிடித்தது என்பது சரியா? வீட்டில் செய்து காட்டக்கூடிய சோதனை ஏதும் உண்டா?

பதில்:

மகள் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். அந்த இரண்டு நூல்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஆக்சிஜனை வெளியிடுவது ஒரு வேலை. வெளியிட்டது காற்றில் மிஞ்சுவது வேறொரு வேலை. முதல் வேலையை நுண்ணுயிர்கள் செய்தன. இரண்டாவதில் கடலடிச் சேறு, எரிமலை, விண்வெளி மூன்றுக்கும் பங்குண்டு. பள்ளிப் பாடம் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுவதால்தான் அந்த 600 மில்லியன் ஆண்டுகள் புதிராகத் தெரிகின்றன.

முதலில் வரவு செலவைப் பார்த்துவிடலாம். ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலை ஓரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இலை கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது, ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்த இலை உதிர்ந்து மக்கும்போதோ, புழு அதைத் தின்று மூச்சுவிடும்போதோ, வெளிவந்த அதே அளவு ஆக்சிஜன் திரும்பச் செலவாகிவிடுகிறது. மிச்சம் எதுவும் இல்லை. உலகின் தாவரங்களும் கடல் பாசிகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பில்லியன் டன் கார்பனைத் தம் உடலாக்குகின்றன. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.1 பில்லியன் டன் மட்டுமே மக்குவதற்குள் சேற்றில் புதைந்து, பிறகு பாறைக்குள் அடைபடுகிறது. எந்தக் கார்பன் புதைந்ததோ, அதற்கு ஈடான ஆக்சிஜன் மட்டும்தான் செலவாகாமல் காற்றில் நிற்கும். மாதச் சம்பளமெல்லாம் வீட்டுச் செலவில் கரைந்துபோக, மத்திய சேம நிதிக்குப் பிடித்த தொகை மட்டும் ஆண்டாண்டாய் வளர்வதைப் போன்றது இது. இன்று காற்றிலுள்ள 20.9 விழுக்காடு ஆக்சிஜனை இந்தச் சிறு மிச்சத்தைக் கொண்டே நிரப்புவதென்றால், வேறு செலவே இல்லாவிட்டாலும் சுமார் 4 மில்லியன் ஆண்டுகள் ஆகும்.

அமேசான் காடுதான் உலகுக்கு 20 விழுக்காடு ஆக்சிஜனைத் தருகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் இந்த இடத்தில்தான் தவறுகிறது. முதிர்ந்த காடு விடுவதையெல்லாம் அந்தக் காட்டின் மக்கலே எடுத்துக்கொள்கிறது. காட்டைக் காக்க வேறு வலுவான காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆக்சிஜன் அவற்றுள் வராது.

இப்போது தொடக்கத்துக்குப் போவோம். பூமியின் வயது 4.54 பில்லியன் ஆண்டுகள். இந்தியக் கணக்கில் 454 கோடி. அதன் ஏறத்தாழ முதல் பாதியில் காற்றில் நைட்ரஜன், கரியமில வாயு, நீராவி, ஓரளவு மீத்தேன் இருந்தன. ஆக்சிஜன் இன்றுள்ளதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடலோ இரும்பால் நிறைந்திருந்தது. ஆக்சிஜன் படாத இரும்பு நீரில் நன்றாகக் கரையும். கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்த இரும்பு அப்படியே கடல் முழுக்கப் பரவிக் கிடந்தது. இன்றைய திறந்த கடலின் ஒரு லிட்டர் நீரில் இரும்பு சில பத்து நானோகிராம்தான். அதைத் தேடியே பாசிகள் பட்டினி கிடக்கும் கடற்பகுதிகள் உண்டு. கடல் எவ்வளவு தலைகீழாக மாறியிருக்கிறது என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டிவிடும்.

ஒளிச்சேர்க்கை முதலில் தோன்றியபோது அதில் ஆக்சிஜன் வரவே இல்லை. சூரிய ஒளியைப் பயன்படுத்திக் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்க எலக்ட்ரான் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. ஆதி பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கரைந்த இரும்பு ஆகியவற்றிலிருந்து எடுத்தன. இவை எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆனால் எரிமலைப் பகுதி, வெந்நீர் ஊற்று என்று சில இடங்களில்தான் தாராளமாகக் கிடைக்கும். நீர் எங்கும் கிடைக்கிறது, ஆனால் கெட்டியானது. அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 0.82 வோல்ட் இழுவிசை தேவை. உயிரினங்கள் உருவாக்கிய வேறெந்தப் பச்சையத்துக்கும் இல்லாத 1.2 வோல்ட் அளவிலான பறிக்கும் திறன், சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப்பாசியின் இரண்டாம் ஒளியமைப்பில் உள்ள பச்சையத்துக்கு இருக்கிறது. அதன் அருகே 4 மாங்கனீசு அணுக்கள், 1 கால்சியம் அணு, 5 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஓர் எலக்ட்ரானாக நான்கு முறை இழந்துவிட்டு, ஐந்தாவது நிலையில் இரண்டு நீர் மூலக்கூறுகளை ஒன்றாகப் பிளந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே தள்ளுகிறது. இந்தக் கொத்தின் வடிவத்தை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அணு அணுவாகக் காட்டினார்கள்.

என்னைப் பொறுத்தவரை உயிரியலில் இதைவிட வியப்பான செய்தி கிடையாது: இந்த அமைப்பு உயிர் வரலாற்றில் ஒரே ஒரு முறைதான் உருவானது. சயனோபாக்டீரியா ஒன்றை வேறொரு செல் விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதால் பச்சையக்கணிகம் வந்தது. ஆகவே தூங்குமூஞ்சி இலையிலும், நீர்த்தேக்கத்துப் பாசியிலும், மழைக்குப் பிறகு நடைபாதை ஓரம் வழவழவென்று படரும் நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப்பாசியிலும் அதே மாங்கனீசுக் கொத்துதான் வேலை செய்கிறது.

அது எப்போது உருவானது? இங்கேதான் பழைய நூல்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் பாறையில், சுமார் 3.46 பில்லியன் ஆண்டுப் பழமையான சயனோபாக்டீரியா படிவங்கள் உள்ளன என்று நீண்டகாலம் பாடநூல்கள் எழுதின. 2002இல் வெளிவந்த மறு ஆய்வு, அவை வெந்நீர் ஊற்றில் கனிமங்களால் ஆன வடிவங்களாக இருக்கலாம் என்று காட்டியது. பிறகு 2.7 பில்லியன் ஆண்டுப் பாறையில் சயனோபாக்டீரியாவின் கொழுப்புச் சுவடுகள் கிடைத்ததாக 1999இல் அறிவிக்கப்பட்டது. துளையிடும்போது பிற்கால எண்ணெய் கலந்துவிட்டதே காரணம் என்று 2015இல், மிகத் தூய்மையாக எடுத்த பாறைத் துளைமாதிரிகளைக் கொண்டு நிறுவிவிட்டார்கள். இந்த இரண்டு சான்றுகளையும் இன்னும் மேற்கோள் காட்டும் நூலானால், அதன் மற்றத் தேதிகளையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இன்று நிற்கும் சான்று வேறு வகையானது. தென்னாப்பிரிக்காவின் போங்கோலா பாறைகளில், சுமார் 2.95 பில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமற்ற கடலில், மாலிப்டினம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) மாங்கனீசு ஆக்சைடு இருந்ததைக் காட்டுகின்றன. மாங்கனீசை ஆக்சைடாக்குவது இரும்பை ஆக்குவதைவிட மிகக் கடினம். ஆக்சிஜன் இல்லாமல் அது நடப்பது அரிது. 2.5 பில்லியன் ஆண்டுப் பழமையான ஆஸ்திரேலியாவின் மெக்ரே களிப்பாறையில் மாலிப்டினமும் ரீனியமும் திடீரென்று கூடிக் குறைகின்றன. நிலத்துப் பாறையை ஆக்சிஜன் கொஞ்ச காலம் அரித்திருக்கிறது என்று பொருள். ஆக ஆக்சிஜன் அங்கொன்றும் இங்கொன்றுமாய், பாசிப் படலங்களைச் சுற்றிய ஆழமற்ற நீரில் இருந்தது. காற்றை நிரப்பும் அளவுக்கு இல்லை.

இனி மகளின் கேள்விக்கு நேராக வருகிறேன். அந்த ஆக்சிஜன் போன இடங்கள் மூன்று.

ஒன்று, கரைந்த இரும்பு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு இரும்பு அணுக்களைத் துருவாக்கும். எடையாகச் சொன்னால் 1 கிலோ ஆக்சிஜன் சுமார் 7 கிலோ இரும்பால் தீர்ந்துபோகும். கடலடி ஊற்றுகளிலிருந்து இரும்பு நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் இந்தச் செலவுக்கு முடிவே இல்லாதிருந்தது. இரண்டு, எரிமலை வாயுக்கள். ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய எல்லாமே ஆக்சிஜனை உண்பவை. அன்று பூமியின் உட்பகுதி இன்றைவிடச் சூடு, வாயுக்களும் அதிகம். மூன்றாவது மீத்தேன். சேற்றில் வாழ்ந்த மீத்தேன் நுண்ணுயிர்கள், இறந்த பாசியைத் தின்று மீத்தேனை அனுப்பிக்கொண்டிருந்தன. அது மேலே ஆக்சிஜனோடு கலந்து கரியமில வாயுவாகிவிடும். வரவு இந்த மூன்று செலவுகளையும் தாண்டும்வரை காற்றில் ஒரு துளியும் தங்காது. தாண்டிவிட்டால் மிகக் குறுகிய காலத்தில் ஏறிவிடும். பாறைகள் காட்டுவதும் அதையே.

எது தராசைச் சாய்த்தது என்பதில் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன, ஒன்றை மட்டும் தூக்கிப்பிடிப்பது சரியாக இராது. 3 முதல் 2.5 பில்லியன் ஆண்டுகளுக்கு இடையில் கண்டங்கள் பெரிதாகி நிலைத்தன. அவற்றைச் சுற்றி ஆழமற்ற கடலோரம் விரிந்தது. ஆறுகள் பாஸ்பரசையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டின. பாசி பெருகியது, வண்டல் அதை வேகமாகப் புதைத்தது. பூமி குளிர்ந்ததால் எரிமலைக் குழம்பில் நிக்கல் குறைந்தது. இரும்புப் பாறைகளில் 2.7 பில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகு நிக்கல் அளவு விழுவதை அளந்திருக்கிறார்கள். மீத்தேன் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு நிக்கல் இன்றியமையாதது என்பதால் அவை நலிந்தன.

இவற்றோடு, பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் இன்னொன்றும் உண்டு. மீத்தேன் வளிமண்டலத்தின் உச்சிக்குப் போகும்போது புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் மிக இலேசானது. பூமியின் ஈர்ப்பை விட்டு விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. அந்த ஹைட்ரஜன் முதலில் நீரிலிருந்து வந்தது. அது திரும்பி வராதபோது அதன் பங்காளியான ஆக்சிஜன் பூமியிலேயே தங்கிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி ஹைட்ரஜன் கசிந்ததால் பாறைகளும் காற்றும் மெல்ல மெல்ல ஆக்சிஜன் பக்கம் சாய்ந்தன. இன்றும் நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோ ஹைட்ரஜன் பூமியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அன்று மீத்தேன் மிகுந்திருந்ததால் இதைவிடப் பல மடங்கு போனது.

சரி, 2.4 பில்லியன் என்ற தேதி எப்படித் தெரியும்? கந்தகம் சொல்கிறது. இந்தச் சான்று அவ்வளவு கூர்மையானது, மேல்நிலை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கந்தகத்துக்கு 32, 33, 34, 36 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. சாதாரண வேதிவினைகள் அவற்றை எடைக்கேற்ற ஒழுங்கில்தான் பிரிக்கும். ஆனால் ஓசோன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் சல்ஃபர் டை ஆக்சைடைத் தாக்கினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இருந்தால் எல்லாக் கந்தகமும் சல்ஃபேட்டாகி ஒன்றாய்க் கலந்துவிடும், குலைவின் தடயம் பாறைக்குள் போகாது. 2000இல் ஜேம்ஸ் ஃபார்குவாரும் சக ஆய்வாளர்களும் பழம்பாறைகளை அளந்தபோது, சுமார் 2.4 பில்லியன் ஆண்டுகளுக்கு முந்தையவற்றில் இந்தக் குலைவு இருந்தது. அதற்குப் பிந்தையவற்றில் மறைந்திருந்தது. இன்றைய ஆக்சிஜன் அளவில் லட்சத்தில் ஒரு பங்கு வந்தாலே தடயம் அழிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இது ஆக்சிஜன் முதன்முதலாகத் தங்கிய கட்டத்தைக் காட்டும். இன்றைய அளவை எட்டிய கட்டத்தைக் காட்டாது; தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதினால் விடை மிகவும் துல்லியமாகும்.

கந்தகத்தோடு பழைய ஆற்றுக்கூழாங்கற்களும் ஒத்துப்போகின்றன. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப் படுகைகளில், ஆறு உருட்டிய பைரைட்டும் (இரும்பு சல்ஃபைடு கனிமம்) யுரேனினைட்டும் (யுரேனியக் கனிமம்) உருண்டைகளாகவே கிடக்கின்றன. இன்றைய ஆற்றில் அவை துருத்தோ கரைந்தோ போகும். ஆக்சிஜன் வந்தபின் பாறை அடுக்குகளில் நிலத்துச் செம்மணல் தோன்றுகிறது. சிங்கப்பூரின் பாறைகள் இந்தக் கதைக்கு மிக இளையவை. புக்கிட் தீமா கருங்கல்லுக்கு 300 மில்லியன் ஆண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் கட்டுமானத் தளத்தில் தோண்டிப்போட்ட செம்மஞ்சள் மண்ணைப் பாருங்கள். மழையும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இரும்பை அங்கேயே துருவாக்கி நிறுத்தியதால் வந்த நிறம் அது. ஆக்சிஜன் இல்லாத காலத்தில் பெய்த மழை அந்த இரும்பைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும், மண் வெளிறி நின்றிருக்கும்.

இனி கடல் துருப்பிடித்ததா என்ற கேள்வி. பாதி சரி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைகளில் சிவப்பும் கருமையுமாய் வரிவரியாய் நிற்கும் இரும்புப் பாறை, 2.6 முதல் 2.45 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. ஒரு வரி இரும்பு ஆக்சைடு, அடுத்த வரி சிலிக்கா. உலக எஃகுக்குப் போகும் இரும்புத்தாதுவின் பெரும்பகுதி இத்தகைய பாறைகளிலிருந்து வருகிறது. சேலத்தில் எஃகு ஆலைக்குப் பின்னால் தெரியும் கஞ்சமலையும் இதே குடும்பம்தான், அங்கே வரிகள் காந்த இரும்பாக உருமாறியிருக்கின்றன. பிரெஸ்டன் கிளவுட் என்ற அமெரிக்கப் புவியியலாளர், பாசிகள் விட்ட ஆக்சிஜனே இந்த இரும்பைப் படியவைத்தது என்று விளக்கினார். பாடநூல்கள் அதையே பின்பற்றின.

ஆனால் கிரீன்லாந்தின் இசுவாவில் இதே வகைப் பாறை 3.7 பில்லியன் ஆண்டுக்கும் முந்தையது. அப்போது ஆக்சிஜன் விடும் உயிர் இருந்ததற்குச் சான்றில்லை. 1993இல் இதற்கு விடை கிடைத்தது: கரைந்த இரும்பிலிருந்தே எலக்ட்ரானை எடுத்து, ஆக்சிஜன் இல்லாமலே துருவை வெளியே தள்ளும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்களை ஜெர்மானிய ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டினார்கள். அவற்றில் 1 கார்பன் சர்க்கரையாக மாறும்போது 4 இரும்பு அணுக்கள் துருவாகின்றன. ஆகவே வரிப்பாறையைக் கண்டவுடன் ஆக்சிஜன் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஒளிச்சேர்க்கை இருந்தது என்று சொல்வது பாதுகாப்பான விடை.

அடுத்து ஆக்சிஜன் காற்றில் தங்கியபின் கடலுக்கு என்ன ஆயிற்று? மேற்பரப்பு மட்டுமே மாறியது. ஆழ்கடல் இன்னும் ஒன்றரை பில்லியன் ஆண்டுகளுக்குமேல் ஆக்சிஜன் இன்றியே இருந்தது. நிலத்துப் பைரைட் துருத்ததால் சல்ஃபேட் ஆறுகளில் வந்தது. ரஷ்யாவின் கரேலியாவில், 2 பில்லியன் ஆண்டுப் பழமையான உப்புப் படுகை ஏறத்தாழ 800 மீட்டர் தடிமனில் கிடைத்திருக்கிறது. அதிலுள்ள சல்ஃபேட், கடல் எவ்வளவு மாறியிருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. கடலோர ஆழங்களில் பாக்டீரியாக்கள் இந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கின. அது இரும்பைப் பிடித்துப் பைரைட்டாகக் கீழே தள்ளியது. 1.8 பில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகு வரிப்பாறைகள் ஏறக்குறைய நின்றுபோனதற்கு இதையே காரணமாக டொனால்ட் கேன்ஃபீல்ட் 1998இல் முன்வைத்தார். சல்ஃபைடு மிகுந்த நீரில் மாலிப்டினமும் குறையும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு அது தேவை. பாசியின் வளர்ச்சி அதனாலும் தடைபட்டது. ஆழ்கடல் நிலையாக ஆக்சிஜன் பெற்றது விலங்குகள் தோன்றிய காலத்தையும் தாண்டி, 540 முதல் 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான்.

காற்றில் வந்த மாற்றங்களில் இரண்டைச் சொல்கிறேன். மீத்தேன் வலிமையான வெப்பப்போர்வை. அன்றைய மங்கலான சூரியனுக்கு அது ஈடுகொடுத்தது. ஆக்சிஜன் ஏறியதும் மீத்தேன் குறைந்தது. அந்தக் காலத்தை ஒட்டியே ஹூரோனியன் பனிக்காலங்கள் வருகின்றன. தென்னாப்பிரிக்காவில் அன்று வெப்பமண்டலத்தில் இருந்த இடத்திலும் பனியாற்றுத் தடயம் உண்டு. மற்றொன்று ஓசோன். இன்றைய ஆக்சிஜனில் 1 விழுக்காடு இருந்தாலே, புற ஊதாவைப் பெரிதும் தடுக்கும் ஓசோன் படலம் அமைந்துவிடும்.

யுரேனியத்தின் கதை தனி. ஆக்சிஜன் இல்லாத நீரில் அது கரையாது, ஆக்சிஜன் இருந்தால் கரையும். ஆகவே 2.4 பில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகே நீர் அதை அள்ளிச்சென்று ஓரிடத்தில் குவிக்க முடிந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில் அப்படிக் குவிந்த யுரேனியம், சுமார் 2 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் தானாகவே அணு உலையாக எரிந்தது. 1972இல் அந்தத் தாதுவில் யுரேனியம் 235 இருக்க வேண்டிய 0.720 விழுக்காட்டுக்குப் பதிலாக 0.717 ஆக இருந்ததைக் கவனித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பாசி விட்ட ஆக்சிஜன் இல்லாமல் அந்த உலை பற்றியிருக்காது.

ஆக்சிஜன் அன்றைய உயிர்களுக்கு நஞ்சு என்பது உண்மைதான். அதற்காகப் பேரழிவு என்று உறுதியாக எழுதிவிட வேண்டாம்; நுண்ணுயிர்களின் மொத்த அழிவைக் காட்டும் படிவச் சான்று இல்லை. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் சுங்கை பூலோ சதுப்புச் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் நிம்மதியாக இருக்கின்றன. நீர் வற்றும்போது எழும் அழுகிய முட்டை வாசனை அவற்றுடையது.

வீட்டுச் சோதனைகள் இரண்டு.

முதலாவது, இரும்பு எப்படி ஆக்சிஜனை விழுங்குகிறது என்பது. செடிக்கடையில் விற்கும் ஃபெரஸ் சல்ஃபேட் வாங்குங்கள். படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் அது ஏற்கெனவே துருத்துவிட்டது, சோதனை பலிக்காது. அரை லிட்டர் நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடியே ஆறவிடுங்கள். கொதிப்பது கரைந்த ஆக்சிஜனை வெளியேற்றத்தான். அதில் 1 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவையும் மெதுவாகக் கலக்குங்கள். சாம்பல் பச்சையாய்க் கலங்கும். நுரை அடங்கியதும் ஒரு சிறு போத்தலில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடுங்கள். மீதியை அகன்ற கிண்ணத்தில் திறந்துவைத்து அவ்வப்போது கிளறுங்கள். கிண்ணம் மேலிருந்து செம்பழுப்பாகும், போத்தல் பச்சையாகவே நிற்கும். போத்தலும் சீக்கிரம் பழுத்தால் உள்ளே காற்று விட்டுப்போயிருக்கிறது. மகள் ஒரு கணக்கும் போடலாம்: 1 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு 0.2 கிராம், அதற்கு ஆக்சிஜன் 29 மில்லிகிராம் வேண்டும். நம் வெப்பநிலையில் காற்றூட்டிய அரை லிட்டர் நீரில் கரைந்திருப்பது 4 மில்லிகிராம்தான். 600 மில்லியன் ஆண்டுகள் எங்கே போயின என்பது அந்த 29க்கும் 4க்கும் உள்ள இடைவெளியில் புரிந்துவிடும்.

இரண்டாவது வினோகிராட்ஸ்கி குழாய். 1880களில் செர்கேய் வினோகிராட்ஸ்கி உருவாக்கியது. பொறுமை வேண்டும், இரண்டு மாதம் ஆகும். 1.5 லிட்டர் தெளிந்த பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். குளத்துச் சேறு சுமார் 700 மில்லிலிட்டர் வேண்டும். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் அனுமதியின்றிச் சேறு எடுக்கக் கூடாது. பள்ளியின் சுற்றுச்சூழல் குளத்தில் ஆசிரியரிடம் கேட்டு எடுப்பது எளிது. கல், வேர், குச்சியை நீக்கிவிட்டு, சேற்றில் மூன்றில் ஒரு பங்கோடு அவித்த மஞ்சள்கரு பாதி, துண்டுதுண்டாய்க் கிழித்த செய்தித்தாள் அரைப்பக்கம், பொடித்த முட்டை ஓடு ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து அடியில் போடுங்கள். மஞ்சள்கரு கந்தகத்துக்கு, தாள் கார்பனுக்கு, ஓடு அமிலத்தை அடக்க. மீதிச் சேற்றை அதன்மேல் நிரப்பி, குச்சியால் குத்திக் காற்றுக்குமிழிகளை எடுத்துவிடுங்கள். மேலே 3 சென்டிமீட்டர் குளத்துநீர் நிற்கட்டும். குழாய்நீர் வேண்டாம். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் இருக்கிறது, இரவு முழுக்கத் திறந்துவைத்தாலும் போகாது. வேறு வழியில்லையென்றால் மீன்தொட்டிக்கு விற்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விடுங்கள்.

வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, ஊசியால் ஓரிரு துளைகள் இடுங்கள். இறுக மூடினால் உள்ளே பெருகும் வாயு சேற்றைத் தூக்கிவிடும். திறந்துவைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் அபராதமும் வரும். நேர்வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோரம் பொருத்தமானது. பிற்பகல் வெயில் விழுந்தால் போத்தல் 40 பாகையைத் தாண்டும், மேலே பாசி மட்டும் பெருகி மற்றவை செத்துவிடும். எல்இடி விளக்கை நம்ப வேண்டாம்: ஊதா நிறக் கந்தக பாக்டீரியாவுக்கு 800 முதல் 900 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு தேவை, வெள்ளை எல்இடியில் அது இல்லை. போத்தலின் ஒரு பாதியைக் கறுப்புத்தாளால் மறைத்துவிட்டால், எந்த நிறத்துக்கு ஒளி தேவை என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே அடிப்பகுதி கறுக்கத் தொடங்கும். அது இரும்பு சல்ஃபைடு. இரண்டு, மூன்று வாரங்களில் மேல்நீரும் சேற்றின் முகமும் பச்சையாகும். ஆக்சிஜன் விடும் சயனோபாக்டீரியாவும் பாசியும் அங்கேதான். அதற்குக் கீழே ஒரு மெல்லிய துருக்கோடு தெரிந்தால் கவனியுங்கள்: மேலிருந்து இறங்கும் ஆக்சிஜனும் கீழிருந்து ஏறும் இரும்பும் சந்திக்கும் எல்லை அது. ஐந்தாறு வாரத்தில் நடுவில் ஊதாத் திட்டுகளும், அவற்றுக்குக் கீழே மங்கிய பச்சையும் வரலாம். இவை ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்பவை. மேலே சொன்ன ஆதி முறையின் இன்றைய வாரிசுகள். ஊதா வராவிட்டால் பெரும்பாலும் கந்தகம் குறைவு, அல்லது ஜன்னல் கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் பூச்சு இருக்கிறது. வீடெல்லாம் நாறினால் மஞ்சள்கரு அதிகம். சேறு பிளந்து நடுவில் இடைவெளி விழுந்தால் தாள் அதிகம், மீத்தேனும் கரியமில வாயுவும் திரண்டிருக்கின்றன. கம்பியால் ஒருமுறை குத்திவிட்டால் அடங்கும், ஆனால் அடுக்குகள் தெளிய இன்னும் சில வாரம் பிடிக்கும்.

வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஆவியாகிக் குறையும் நீரைக் குளத்துநீராலேயே நிரப்ப வேண்டும். முடிந்ததும் கால்வாயில் கொட்டாதீர்கள், அந்த நீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மேல்நீரைக் கழிவறையில் ஊற்றிவிட்டு, சேற்றை இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்வதும், ஜன்னலைத் திறந்துவைத்து அந்த வேலையைச் செய்வதும் நல்லது.